காலையில் மங்கும் கண்: மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவரின் விழிவெண்படல மாற்றுச் சிகிச்சை

இது திருகோணமலை மாவட்டத்தின் கண் கிளினிக் ஒன்றில் பார்க்கப்பட்ட 64 வயது அம்மா ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. அவருடைய சம்மதத்தோடும் மகளின் சம்மதத்தோடும் எழுதுகிறேன். ஆளை இனங்காட்டும் விபரங்களை விட்டுவிட்டேன். கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான விழிவெண்படலத்தை மாற்றும் சிகிச்சை கொழும்பில் நடந்தது. முன்னும் பின்னுமான கவனிப்பில் பெரும்பகுதி இங்கேயே நடந்தது. கண் பிரிவுகளில் வேலை செய்யும் இளம் வைத்தியர்களையும் தாதியரையும் மனதில் வைத்தே எழுதினேன். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அந்தக் குடும்பமும் வாசிக்க வேண்டும்.

பின்னணி

அம்மா மூதூர்ப் பக்கம். கணவர் இல்லை, மகள் குடும்பத்தோடு இருக்கிறார். இருபது வருடங்களுக்கு மேலாக இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்தவர். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் ஆறு மணிக்குக் கடைக்குப் போகும். நீரிழிவு உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆஸ்துமா இல்லை.

வலது கண் பல வருடங்களுக்கு முன்பே, பெரும்பாலும் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பழுதாகும் குளுக்கோமாவால் போய்விட்டது, வெளிச்சமே தெரியாது. இடது கண்ணில் ஆறு வருடங்களுக்கு முன், மங்கிய கண்வில்லையை எடுக்கும் கட்டராக்ட் சத்திரசிகிச்சை செய்து செயற்கை வில்லை வைத்திருந்தார்கள். நன்றாக முற்றிய, கடினமான கட்டராக்ட் அது. ஆனாலும் பார்வை நன்றாகத் திரும்பி, நாலு வருடங்கள் வேலையில் ஒரு தடங்கலும் இருக்கவில்லை.

அதன் பிறகு மெல்ல மெல்ல மங்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினார்கள். முதல் தடவை மாற்றியபோது பார்வை தெளிந்தது போலவே இருந்ததாம். அது கச்சான் காற்று வீசும் ஆடி மாதம். அந்த விபரம் ஏன் முக்கியம் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

கிளினிக்கில் கண்டவை

எங்களிடம் முதலில் வந்தது ஜனவரியில், மாரி இன்னும் விடாத நேரம். மூதூரிலிருந்து பஸ் பிடித்து, கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து, நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து பார்வை அளக்கும்போது பதினொன்றரை மணி. இடது கண்ணில் 6/24, அதாவது நல்ல கண் 24 மீற்றரில் வாசிப்பதை இந்தக் கண் 6 மீற்றரில்தான் வாசிக்கும். 64 வயது, நீரிழிவு, பழைய கட்டராக்ட் சத்திரசிகிச்சை என்றெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு அவசரமான எண்ணாகத் தெரியாது.

சொட்டு மருந்து விட வந்த தாதியிடம் அம்மா தன்பாட்டில் சொன்னது இது: “காலமை எழும்பினா எல்லாம் புகாராத்தான் தெரியுது தம்பி. பத்துப் பதினொரு மணிக்குப் பிறகுதான் கொஞ்சம் வெளிக்குது.” அந்தத் தாதி அதைக் கொப்பியில் அப்படியே எழுதி வைத்தார். இந்த நோயாளியின் கண்ணைக் காப்பாற்றிய முதல் காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

விழிவெண்படலம் கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும், நடுவில் அரை மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள தெளிந்த படலம். அதன் உட்பக்கத்தை ஒற்றை வரிசையில் மூடியிருக்கும் கலங்கள் படலத்துக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கும். வயலில் நீர் தேங்காமல் வடிகால் வெட்டிவிடுவது மாதிரியான வேலை. வளர்ந்தவர்களில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2500 கலங்கள் இருக்கும். இறந்தவற்றுக்குப் பதிலாகப் புதியவை பிறப்பதில்லை, மிஞ்சியவை பரந்து இடத்தை நிரப்பும். வயதால் கொஞ்சம், கண்ணுக்குள் நடக்கும் எந்தச் சத்திரசிகிச்சையாலும் கொஞ்சம் குறையும். 500 அளவுக்கு இறங்கினால் நீர் தேங்கிப் படலம் வீங்கி மங்கும்.

தூங்கும்போது இமை மூடியிருப்பதால் கண்ணின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகாது. அதனால் விடியும்போது வீக்கம் உச்சத்தில் இருக்கும். கண் திறந்து சில மணி நேரம் போனால் கொஞ்சம் காயும். கச்சான் காலத்து வரண்ட காற்றில் சீக்கிரம் காயும், மாரியின் ஈரத்தில் மத்தியானமானாலும் காயாது. ஆடியில் கண்ணாடி மாற்றியபோது பார்வை தெளிந்ததாகத் தோன்றியதில் கண்ணாடியை விடக் காற்றுக்கே பங்கு அதிகம்.

அம்மாவை அடுத்த வாரம் திருகோணமலையில் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கி, காலை ஏழரைக்கே வரச் சொன்னோம். அன்று பார்வை 3/60. படலத்தின் நடுத்தடிப்பு 690 மைக்ரோன், சாதாரணமாக 540 அளவில் இருக்க வேண்டியது. உட்பக்கத்தில் மடிப்புகள், மேற்பரப்பில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அவை வெடிக்கும்போது கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்துவதாகச் சொன்னார். வில்லை சரியான இடத்தில் இருந்தது. கண் அழுத்தம் 15, சாதாரண அளவுதான். கட்டராக்ட் சத்திரசிகிச்சைக்குப் பின் உட்கலங்கள் தளர்ந்து ஏற்படும் வீக்கம் என்று முடிவு செய்தோம்.

நாலு மணிக்கு அடுப்படியில் நிற்கும் ஒருவருக்கு நாளின் மிக மோசமான பார்வை அந்த நாலு மணிக்குத்தான். கையில் இரண்டு இடத்தில் நெருப்புச் சுட்ட தழும்பு இருந்தது. மகள் அதைக் கவனக்குறைவு என்று நினைத்திருந்தார்.

முதல் மாதங்கள்

5 வீத உப்புச் சொட்டு மருந்தைப் பகலிலும், அதே மருந்தைக் களிம்பாக இரவிலும் கொடுத்தோம். அது நீரை வெளியே இழுக்கும், ஆனால் இறந்த கலங்களைத் திருப்பித் தராது. கொப்புள வலிக்கு மென்வில்லை (கொன்டாக்ட் லென்ஸ்) ஒன்றைக் கண்ணில் இட்டு வைக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டோம். மா தூசும் புகையும் உள்ள இடத்தில் வேலை, நீரிழிவு, ஒற்றைக் கண். கிருமி தொற்றினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

பெப்ரவரியில் கொழும்புக்கு அனுப்பினோம். ஏப்ரல் வந்ததும் மத்தியானப் பார்வையும் 6/60 ஆனது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, பார்க்கும் ஒரே கண்ணில் கத்தி வைக்கலாமா என்பது. படலம் மங்கியிருந்ததால் பின்னால் உள்ள விழித்திரையும் பார்வை நரம்பும் சரியாகத் தெரியவில்லை. மற்றக் கண்ணைக் குளுக்கோமா தின்றிருக்கும்போது, இந்தக் கண்ணின் நரம்பும் போயிருந்தால் படலத்தை மாற்றி என்ன பயன்? இதற்கு விடை தந்தது மகள் பத்திரமாக வைத்திருந்த பழைய கிளினிக் கொப்பி. கட்டராக்ட் சத்திரசிகிச்சைக்குப் பின் பார்வை 6/9, நரம்பு நல்ல நிலையில் உள்ளது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எந்த ஸ்கானும் அந்த நேரத்தில் அவ்வளவு சொல்லியிருக்காது.

இரண்டாவது, எந்த வகை மாற்று. முழுத் தடிப்பையும் வட்டமாக வெட்டி எடுத்து, தானமாகக் கிடைத்த படலத்தைத் தைப்பது பழைய முறை. 1905 டிசம்பரில், இன்று செக் நாட்டில் உள்ள ஒலொமூட்ஸ் நகரில், எட்வார்ட் சிர்ம் என்ற வைத்தியர் சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த ஒருவருக்குச் செய்ததுதான் மனிதரில் வெற்றி பெற்ற முதல் முழுத்தடிப்பு மாற்று. அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அதுவே வழக்கம். நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் 1990களின் கடைசியில் பழுதான உட்படையை மட்டும் மாற்றும் வழியைத் திறந்தார். 2006இல் உட்கலங்களையும் அவை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வையும் மட்டும் மாற்றும் முறையை வெளியிட்டார்.

அம்மாவின் கண்ணில் பழுது உட்படையில்தான். முழுத்தடிப்பு மாற்றென்றால் தலைமயிரை விட மெல்லிய நைலோன் நூலில் பதினாறு தையல் அளவுக்கு வரும். பார்வை நிலைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். தளரும் தையலை உடனே எடுக்காவிட்டால் கிருமி புகும், உடல் புதுப் படலத்தை நிராகரிக்கும் ஆபத்தும் கூடும். வெட்டு ஆறினாலும் அந்தக் கண் அடி தாங்காது. மூதூரிலிருந்து கொழும்புக்கு அடிக்கடி போய்வர முடியாத ஒருவருக்கு இவை சின்ன விஷயங்களல்ல. உட்படை மாற்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவு வெட்டுப் போதும். தையல் ஒன்றிரண்டுதான், சில வாரங்களில் பார்வை தெரியத் தொடங்கும்.

உட்படை மாற்றிலும் இரண்டு வகை. சவ்வை மட்டும் வைத்தால் பார்வை இன்னும் கூர்மை, நிராகரிப்பும் மிகக் குறைவு. ஆனால் அது 10 முதல் 15 மைக்ரோன் தடிப்புத்தான். மங்கிய படலத்துக்கு ஊடாகப் பார்த்து அதை விரித்து ஒட்டுவது கடினம், கழன்று போகும் வாய்ப்பும் கூட. கொழும்பு நிபுணர் கொஞ்சம் இழையத்தோடு சேர்ந்த, கையாள இலகுவான தடித்த உட்படையைத் தேர்ந்தார். 6/6 பார்வையை விட, ஒரே தடவையில் ஒட்டி நிற்பது இந்தக் கண்ணுக்கு முக்கியம் என்பது அவருடைய கணக்கு. நான் அதை முழுதாக ஏற்கிறேன்.

மூன்றாவது, எங்கே செய்வது. வெளிநாட்டில் இருக்கும் மகன் மதுரைக்குக் கொண்டுபோக ஆயத்தமாக இருந்தார், காசும் அனுப்பத் தயார். மதுரையில் செய்வார்கள், நன்றாகவே செய்வார்கள். ஆனால் இந்தச் சிகிச்சையில் சத்திரசிகிச்சை நாள் ஒன்று, அதற்குப் பின்னான வருடங்கள் பல. படை கழன்றாலோ அழுத்தம் ஏறினாலோ கடல் கடந்து போக முடியுமா என்று மகனிடம் தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினோம். கடைசியில் கொழும்பு என்று ஒத்துக்கொண்டார். அந்தக் காசில் மகளும் அம்மாவும் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்து இரண்டு வாரம் தங்கலாம் என்று முடிவானது.

காத்திருப்பு

அம்மாவுக்கு ஒரு கேள்வி இருந்தது. “ஆருடைய கண் டொக்டர் இது?” முழுக் கண் அல்ல, முன்படலத்தின் உட்படை மட்டும், கொடுத்தவர் யாரென்று சொல்வதில்லை என்று விளக்கினோம். இறந்து சில மணி நேரத்துக்குள், வழக்கமாக ஆறு மணி நேரத்துக்குள், எடுத்துக் குளிரில் வைத்துப் பரிசோதித்த பிறகுதான் பாவிப்பார்கள். கொடுத்தவர் கண்ணாடி போட்டவராக இருந்தாலும் பரவாயில்லை, சாதாரணமாக இரத்த வகை பொருந்தத் தேவையில்லை.

இந்த நாட்டில் கண் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா 1958இல் பத்திரிகை வழியாகக் கண் தானம் கேட்டார். 1961இல் இலங்கைக் கண் தானச் சங்கம் உருவானது. 1964இல் முதற் கண்கள் சிங்கப்பூருக்குப் போயின. அப்புறம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இலங்கைக் கண்கள் போயிருக்கின்றன. பெரும்பாலும் பௌத்தக் குடும்பங்கள் தானமாக நினைத்துக் கொடுத்தவை. இதைக் கேட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப அந்தச் சனத்துக்கு நான் எப்படி நன்றி சொல்றது?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

ஜூனில் ஒரு நாள் கொழும்பிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. கொடுத்திருந்தது ஒரே ஒரு இலக்கம், அது பள்ளிக்கூடம் போகும் பேரனின் கைத்தொலைபேசி. அது அணைந்திருந்தது. குளிரில் வைத்த படலம் காத்திருக்காது, அடுத்தவருக்குப் போனது, அப்படித்தான் போகவும் வேண்டும். அதன் பிறகு மகளின் இலக்கம், அயல்வீட்டார் இலக்கம், எங்கள் கிளினிக் இலக்கம் மூன்றையும் கொடுத்தோம். ஓகஸ்டில் இரண்டாவது அழைப்பு எங்களுக்கே வந்தது. அன்றிரவு பஸ்ஸில் ஏறி விடிய முன் கொழும்பில் நின்றார்கள்.

சத்திரசிகிச்சையும் முதல் இரண்டு வாரமும்

கண்ணைச் சுற்றி மட்டும் மரக்கச் செய்து நடந்தது. பழைய உட்படையை உரித்து எடுத்து, புதியதை மடித்து உள்ளே செலுத்தி, கீழிருந்து காற்றுக்குமிழி ஒன்றை விட்டு மேலே ஒட்டச் செய்தார்கள். குமிழி மேல்நோக்கி அழுத்த வேண்டுமானால் நோயாளி முகட்டைப் பார்த்தபடி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இதற்காக அம்மாவைக் காத்திருந்த காலத்திலேயே வீட்டில் தலையணை இல்லாமல் படுக்கப் பழக்கியிருந்தோம்.

மூன்றாம் நாள் படையின் கீழ் ஓரம் கழன்றிருந்தது. மறுபடி காற்று விட்டு, மறுபடி மல்லாந்து படுக்கை. அடுத்த நாள் முழுதாக ஒட்டிவிட்டது. இது அரிய சிக்கலும் அல்ல, யாருடைய பிழையும் அல்ல. ஆனால் இரண்டாம் நாளே 260 கிலோமீற்றர் பஸ்ஸில் திரும்பியிருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போயிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் ஊர் திரும்பினார்கள். சொட்டு மருந்துகள் எழுதிய அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் தாதி மகளோடு இருந்து, போத்தல்களில் நிறத் துண்டு ஒட்டி, அதே நிறங்களில் நேர அட்டவணை வரைந்து அடுப்படிச் சுவரில் ஒட்டக் கொடுத்தார்.

பின்னர் நடந்தவை

ஆறாம் வாரம் 6/18. மூன்றாம் மாதம் கண்ணாடியோடு 6/12, காலை எட்டு மணிக்கும் அதேதான்.

நாலாம் மாதம் வழக்கமான பரிசோதனையில் கண் அழுத்தம் 32. அம்மாவுக்கு ஒரு வலியுமில்லை, பார்வையிலும் குறையில்லை. நிராகரிப்பைத் தடுக்க விடும் ஸ்டீரொயிட் சொட்டு மருந்து சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். மற்றக் கண்ணில் குளுக்கோமா இருந்தவர் என்பதால் மாதம் ஒரு முறை அழுத்தம் பார்க்க முதலிலேயே ஒழுங்கு செய்திருந்தோம். கொழும்புத் திகதி வரும்வரை விட்டிருந்தால் இன்னும் பத்து வாரம் அந்த நரம்பு 32ஐத் தாங்கியிருக்க வேண்டும். கொழும்பு நிபுணரோடு பேசி, அழுத்தம் குறைவாக ஏற்றும் ஸ்டீரொயிட்டுக்கு மாற்றி, அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலோல் சொட்டு மருந்தைச் சேர்த்தோம். அதே வேலைக்குப் பரவலாகக் கொடுக்கும் டோர்சொலமைட்டைத் தவிர்த்தோம், ஏனென்றால் அது நீர் இறைக்கும் அந்த உட்கலங்களின் வேலையையே தளர்த்தக்கூடியது. ஒரு மாதத்தில் அழுத்தம் 17.

பதினைந்தாம் மாதம் நவம்பர். மழை தொடங்கியிருந்தது, வீட்டுப் பாதையில் வெள்ளம். ஸ்டீரொயிட் போத்தல் முடிந்தது, பார்வை நன்றாக இருக்கிறதே என்று புதிது வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு காலை, கண்ணில் பழையபடி புகார் மூட்டம். கண் கொஞ்சம் சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம். வீட்டில் “மாரி தொடங்கிட்டுது, அதுதான்” என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. போன மாரியில் இப்படி இருக்கவில்லையே என்று கேட்டிருக்கிறார். அது சரியான வாதம். கலங்கள் நன்றாக வேலை செய்தால் மழைக்காலம் கண்ணை மங்கச் செய்யாது. மூன்றாம் நாள் மருமகன் உழவு மெசினில் ஏற்றி வெள்ளம் தாண்டி, பிரதான வீதியில் பஸ் ஏற்றிவிட்டார்.

புதுப் படையின் உட்பக்கத்தில் நிராகரிப்புப் படிவுகள் இருந்தன, தடிப்பும் கூடியிருந்தது. அன்றே வீரியமான ஸ்டீரொயிட்டை மணிக்கொரு தடவை தொடங்கினோம். அழுத்தத்தைக் கிழமைக்கு இரண்டு முறை பார்த்தோம். மூன்று வாரத்தில் படிவுகள் கரைந்து தடிப்பு இறங்கியது. பார்வை 6/12க்குத் திரும்பியது. இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் மறுபடி ஒரு தானக் கண்ணுக்குக் காத்திருக்க நேர்ந்திருக்கலாம்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

எங்கள் கொப்பிகளில் இப்போது பார்வை எண்ணுக்குப் பக்கத்தில் அளந்த நேரத்தையும் எழுதுகிறோம். கட்டராக்ட் சத்திரசிகிச்சை செய்த எவரும் மங்கலாக இருக்கிறது என்று வந்தால், காலையிலா மாலையிலா கூட என்று கேட்கிறோம். காசு செலவில்லாத கேள்வி இது, கண்ணாடிக் கடைகளிலும் கேட்கலாம். தூரத்திலிருந்து வருபவர்களை மத்தியானத்தில் மட்டுமே பார்த்துவிட்டு அனுப்பும் வரை இந்த நோய் நமக்கு முன்னாலேயே ஒளிந்திருக்கும்.

மாற்றுச் சிகிச்சைப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் மூன்று தொலைபேசி இலக்கங்கள். சத்திரசிகிச்சை முடிந்து வருபவர்களுக்கு மாதாந்த அழுத்தப் பரிசோதனை. சிவப்பு, கூச்சம், பார்வைக் குறைவு, வலி இவற்றில் எது வந்தாலும் திகதி பார்க்காமல் அன்றே வரலாம் என்று தமிழில் எழுதிய அட்டை. மாரிக்கு முன், ஒக்டோபரிலேயே, இரண்டு போத்தல் ஸ்டீரொயிட் கையில் இருக்கிறதா என்று தாதி அழைத்துக் கேட்கிறார்.

இன்னும் சரிவராத ஒன்று உண்டு. நிறுத்தக் கூடாத சொட்டு மருந்தின் விலை. கிளினிக்கில் இருப்பு இல்லாத மாதங்களில் வெளியில்தான் வாங்க வேண்டும், எல்லோருக்கும் வெளிநாட்டில் மகன் இல்லை. இந்தச் சிறு தொகையை மாவட்டத்துக்குள்ளேயே திரட்ட ஒரு வழி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சத்திரசிகிச்சை முடிந்து இரண்டரை வருடத்தில் கடைசியாகப் பார்த்தபோது பார்வை 6/12, அழுத்தம் 16, தடிப்பு நிலையாக இருந்தது. ஸ்டீரொயிட் ஒரு நாளைக்கு ஒரு துளி, டிமோலோல் இரண்டு வேளை. இடியப்பத் தொழில் தொடர்கிறது. பிழிவது அம்மா, அடுப்பைப் பார்ப்பது மகள். அடுத்த திகதி மூன்று மாதத்தில், காலை எட்டு மணிக்கு.